காடை முட்டையை யார் தின்றது? செம்பனைத் தோட்டத்தில் போலிக்கூடு வைக்கும் பள்ளிகளுக்கு

வணக்கம் டீச்சர். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. அறிவியல் விழாவுக்காகப் பிள்ளைகள் தேங்காய் நாரில் கிண்ணம் போலப் போலிக்கூடு கட்டி, இரவுச் சந்தையில் வாங்கிய காடை முட்டைகளைக் கூட்டுக்கு மூன்றாகப் போட்டு, பாதியைச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிரைகளுக்குள்ளும் மீதியைப் பக்கத்துக் காட்டோரத்திலும் வைத்திருக்கிறார்கள். நான்கே நாளில் தோட்டத்துக் கூடுகள் முழுக்கக் காலி. காட்டோரத்தில் பாதி தப்பியது. "செம்பனைத் தோட்டத்தில் பறவை குஞ்சு பொரிக்கவே முடியாது என்று முடிவு எழுதலாமா? முட்டையை எது தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" இவைதான் உங்கள் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில்: எழுதாதீர்கள். பிள்ளைகள் எண்ணிய கணக்கில் தப்பில்லை, அதிலிருந்து தாவிய தாவல்தான் பெரிசு. தோட்டத்து வீடுகளின் வாசலில் செம்பருத்திச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை உங்கள் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். செம்பனை மட்டை அடியில் பெரணி மண்டிய இடுக்குகளில் முராய் (குண்டுகரிச்சான்) கூடு கட்டும். வெட்டிய மட்டைகளைக் குவித்த அடுக்குக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் பக்கி என்ற இரவுப்பறவை இரண்டு முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும், மிதிக்கப் போகிற கடைசி நொடியில்தான் எழுந்து பறக்கும். இவையெல்லாம் எப்படியோ பிழைத்து வருகின்றன. அப்படியானால் உங்கள் கூடுகள் மட்டும் ஏன் நான்கு நாளில் காலியாயின என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சிறுசிறு காட்டுத் துண்டுகளில் பாடும் பறவைகள் குறைந்துகொண்டே வந்தன. காரணம் முட்டைத் திருட்டா என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் உண்மையான கூடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு காட்டில் முப்பது கிடைக்கும், இன்னொன்றில் மூன்றுதான் கிடைக்கும். டேவிட் வில்கோவ் என்ற ஆய்வாளர் கூடையாக முடைந்த கூடுகளில் காடை முட்டை வைத்துப் பல காடுகளில் போட்டுப் பார்த்து 1985இல் முடிவை வெளியிட்டார். கிரேட் ஸ்மோக்கி மலைகளின் பரந்த காட்டில் 2 விழுக்காடு கூடுகள்தான் கொள்ளை போயின. புறநகர் வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னக் காடுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன. செலவு குறைவு. எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது எல்லாம் நம் கையில். அதனால்தான் அதற்குப் பிறகு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் இதையே செய்தார்கள்.

நம் ஊர்ப் பக்கமும் நடந்திருக்கிறது. பகாவிலிருந்து சிம்பாங் பெர்தாங் வழியாகப் போனால் வரும் பாசோ வனக்காப்பகத்தில் செய்த கூட்டுக்கொள்ளை ஆய்வு 1998இல் வெளியானது. அதே ஆண்டு சிங்கப்பூரின் மிச்சக் காடுகளில் நடந்ததும் வந்தது. அதாவது உங்கள் பிள்ளைகள் செய்திருப்பது பக்கத்துக் காட்டிலேயே ஆய்வாளர்கள் செய்த வேலை. அறிவியல் விழாவில் இதை ஒரு வரி சொன்னால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாசோவைப் பற்றிப் பேசும்போதே உங்கள் 'காட்டோரம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காப்பகத்துக்கு மூன்று பக்கமும் செம்பனைதான். அங்கே காட்டுப்பன்றியை எண்ணியவர்கள் 1996இல் சதுர கிலோமீட்டருக்கு 47 என்றும் 1998இல் 27 என்றும் கணக்குச் சொன்னார்கள். ஒரு மழைக்காட்டுக்கு இது மிக மிக அதிகம். முக்கியக் காரணங்களில் ஒன்று ஆண்டு முழுக்க உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம். புலி குறைந்துபோனது இன்னொன்று. பன்றிக்கு வேலி தெரியாது. தோட்டத்தில் பழத்தைத் தின்னும், காட்டுக்குள் போய்ப் படுக்கும், போகிற வழியில் தரையில் முட்டை கண்டால் விடாது. ஆகவே தோட்டம் ஒரு உலகம், காட்டோரம் வேறு உலகம் என்று நீங்கள் பிரித்தது முட்டை தின்னிகளின் கண்ணில் ஒரே மேய்ச்சல் நிலம். தோட்டத்தையும் காட்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து பல நூறு மீட்டர் உள்ளே போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூட்டில் முட்டை இருக்கிறது, தாய் இல்லை. முதலாளி வெளியே போய் கல்லா திறந்து கிடக்கிற கடை அது. நிஜக் கொண்டைக்குருவி முட்டை மேல் உட்கார்ந்து மறைக்கும், அணில் வந்தால் இரண்டுமாகக் கத்திக்கொண்டு விரட்டும், பக்கத்து மரத்துக் குருவிகளையும் கூட்டிவிடும். அப்படியென்றால் போலிக்கூடு நிஜத்தைவிட அதிகமாகக் கொள்ளை போகும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் தாய்ப்பறவைதான் கூட்டைக் காட்டிக்கொடுப்பதும். வரும் போகும் பறவையைக் கவனித்துத்தான் பல எதிரிகள் கூட்டைக் கண்டுபிடிக்கின்றன என்று அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949இலேயே எழுதினார். குஞ்சு பொரித்தபின் தீனி கொண்டுவரும் நடமாட்டம் இன்னும் கூடும். போலிக்கூட்டில் இந்த நடமாட்டமே கிடையாது. ஒன்று கொள்ளையைக் கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது, எது எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். போலிக்கூட்டில் 80 போனால் நிஜத்தில் 60 போகும் என்று ஒரு வாய்ப்பாடு போட முடியாததற்குக் காரணம் இதுதான். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர்களுக்குப் பல இடங்களில் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை, முட்டை தின்னிகளின் பட்டியலும் ஒத்துவரவில்லை.

பட்டியல் ஒத்துவராததில் பாம்புக்குப் பெரிய பங்கு. வெப்பமண்டல நாடுகளில் நிஜக் கூடுகளுக்குக் கேமரா வைத்துப் பார்த்த பல இடங்களில் பாம்புதான் முன்னணியில் வந்தது. போலிக்கூட்டு ஆய்வுகளில் பாம்பு தலைகாட்டுவதே அபூர்வம். தாயின் நடமாட்டம் இல்லாதது ஒரு காரணம் என்கிறார்கள். முட்டையின் அளவு இன்னொன்று. காடை முட்டை மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், பத்து கிராம் எடை. கொண்டைக்குருவியின் முட்டை இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சின்ன வாய்க்காரப் பாம்புக்கு இரண்டாவது விருந்து, முதலாவது உருட்டி விளையாடும் கல்.

வாய் அளவு விஷயம் எலிகளிடம்தான் முதலில் அடிபட்டது. அமெரிக்காவில் வெண்கால் எலிகளைக் கூண்டில் வைத்துச் சோதித்தவர்கள் 1996இல் எழுதினார்கள்: சிறு குருவியான ஜீப்ரா பிஞ்சின் முட்டையை அவை தின்றன, காடை முட்டையைத் திறக்க முடியவில்லை. அதற்கு முந்தின ஆண்டே டேவிட் ஹாஸ்கெல் இதே சந்தேகத்தைக் கிளப்பி, காடை முட்டையை நம்பிச் செய்த பழைய முடிவுகளை மறுபடி பார்க்கச் சொன்னார். பெரிய காட்டில் கொள்ளை குறைவு என்று தெரிந்தது, அங்கே இருந்த சின்னப் பற்களுக்கு முட்டை உடையாததாலும் இருக்கலாம் அல்லவா? நம் தோட்டத்து எலி அந்த வெண்கால் எலியைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே அந்தச் சோதனையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டவும் கூடாது. ஆனாலும் காடை முட்டையை வைத்த அந்த நிமிடமே 'சாட்சி சொல்ல யாருக்கு அனுமதி' என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சின்ன முட்டை வேண்டுமென்றால் காதல் பறவை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொரிக்காத முட்டைகளைத் தூக்கித்தான் போடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி, தின்றது யார். உடைந்த முட்டையோட்டை வைத்துத் துப்பறிய வேண்டாம். பெரிய துளை என்றால் மூசாங் (மரநாய்), சின்னத் துளை என்றால் எலி என்று பழைய கையேடுகளில் இருக்கும், பெரியவர்களும் அடித்துச் சொல்வார்கள். ஒரே விலங்கு இருபது விதமாக ஓட்டை விட்டுவைக்கும். ஒன்று உடைத்துப் போட்டதை இன்னொன்று வந்து நக்கும். உடும்பு முழுசாக விழுங்கிவிட்டுப் போனால் ஓடே இருக்காது, காகம் தூக்கிக்கொண்டு போனாலும் இருக்காது. கூட்டில் மிச்சமிருப்பதைக் கொண்டு ஆளைச் சொல்ல முடியாது என்பதை 1999இல் செர்ஜ் லாரிவியேர் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

பிளாஸ்டிசின் முட்டை கொஞ்சம் நேர்மையான சாட்சி. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் களிமண் வகைதான். மூன்று முட்டையில் இரண்டு நிஜமாக, ஒன்று பிளாஸ்டிசினாக வையுங்கள். அந்த ஒன்றுக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மறுமுனையைக் கிளையிலோ மட்டையிலோ கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாட்சியையே தூக்கிக்கொண்டு ஓடிவிடும். திரும்ப எடுத்ததும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எலிப்பல் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள், அவற்றுக்கு நடுவே முடியளவு மேடு, அதே ஜோடி மறுபடி மறுபடி வரிசையாக ஓடும், சுரண்டிய தூள் அடியில் ஒட்டியிருக்கும். பறவை கொத்தினால் ஒற்றை ஆப்பு வடிவக் குழி, சில சமயம் எதிர்ப்பக்கத்தில் கீழலகு பதிந்த கோடு. மூசாங் கடித்தால் தள்ளித் தள்ளி ஆழமான கூர்த்துளைகள், கோரைப்பல் இறங்கிய இடம். இவ்வளவுதான் நம்பிச் சொல்லலாம். எந்த எலி, எந்தப் பறவை என்று பெயர் சொல்லப் போகாதீர்கள். பிளாஸ்டிசினுக்கு ஒரு நாற்றம் உண்டு, எலிக்கு அது பிடித்துப்போவதாகச் சிலர் கண்டிருக்கிறார்கள். சில நாள் காய்ந்த இலையோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

கேமரா இருந்தால் நல்லது, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. தானாகப் படம் பிடிக்கும் காட்டுக் கேமராக்கள் உடல் சூட்டின் அசைவைப் பார்த்துத்தான் விழிக்கும். பாம்பு சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் பல சமயம் கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். படத்தில் ஒன்றுமில்லை, முட்டையும் இல்லை என்றால் பாம்பைச் சந்தேகப்பட்டியலில் வையுங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் ஏற்பாடு உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் போடுங்கள்.

உங்கள் நான்கு நாள் மர்மத்துக்கு என் ஊகத்தையும் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காகம், அல்லது குரங்கு. எலியும் மூசாங்கும் இரவில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிப்பவை, ஒரு நிரையை அப்படியே துடைத்து எடுப்பது அவற்றின் பழக்கமில்லை. காகம் மனிதனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாகப் போய் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்தால் மேலே உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு வேறு விளம்பரம் வேண்டாம். இந்த வீட்டுக்காகமே தோட்டத் துரைமார் கொண்டுவந்த சரக்குதான், தெரியுமா? கோப்பிச் செடியின் புழுவைத் தின்னட்டும் என்று நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் சிலோனிலிருந்து கிள்ளானுக்கு இறக்குமதி செய்தார்கள். கோப்பி போய்விட்டது, காகம் குடியுரிமை வாங்கிவிட்டது.

இதே இடத்தில்தான் எண்ணிக்கைப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. ஒரே குரங்குக் கூட்டம் ஒரே காலையில் இருபது கூட்டையும் காலி செய்திருந்தால் உங்களிடம் இருபது தகவல் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் போலிப் பெருக்கலை வைத்துச் சூழலியல்காரர்களை ஒரு பிடி பிடித்தார். கூடுகளை நெருக்கமாக வைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று ஐம்பது மீட்டராவது இருக்கட்டும், ஒரே வரப்பில் வேண்டாம், ஒரே பீல்டில், அதாவது தோட்டத்தின் ஒரே பிரிவில், எல்லாவற்றையும் போடவும் வேண்டாம். நான்கைந்து பீல்டுகளில் பிரித்துப் போட்டால் ஒரு பீல்டில் குரங்கு புகுந்தாலும் மற்றவை பேசும்.

கணக்கிடும் முறையையும் மாற்றுங்கள். இருபதில் எத்தனை போயிற்று என்று மட்டும் எண்ணினால் முதல் நாளே போனதும் பத்தாம் நாள் போனதும் ஒன்றாகிவிடும். ஹரோல்ட் மேபீல்ட் 1961இல் சொன்ன வழி ஆறாம் படிவத்துக்குப் போகாத பிள்ளைக்கும் புரியும். ஒரு கூடு ஒரு நாள் தாக்குப்பிடித்தால் ஒரு கூடு-நாள். எல்லாக் கூடுகளின் நாள்களையும் கூட்டுங்கள். இரண்டு பார்வைகளுக்கு நடுவே போன கூட்டுக்கு அந்த இடைவெளியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 160 கூடு-நாள், போனவை 8 என்று வைப்போம். ஒரு நாளில் போகும் வாய்ப்பு 8/160, அதாவது 0.05. ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு 0.95. அடைகாக்கும் காலம் பதின்மூன்று நாள் என்றால் 0.95ஐ பதின்மூன்று முறை பெருக்குங்கள், ஏறக்குறைய 0.51 வரும். பாதிக்குப் பாதி. தினமும் ஐந்து விழுக்காடுதானே என்று அலட்சியமாகத் தெரிந்தது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பலகையில் போட்டுக் காட்டினால் வகுப்பே அடங்கிவிடும்.

நானாக இருந்தால் தோட்டமா காடா என்ற பெரிய கேள்வியைக் கைவிட்டு, தோட்டத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கேள்வி கேட்பேன்: தரையில் மட்டை அடுக்கின் ஓரத்தில் வைத்த கூடும், மரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பெரணிக்குள் வைத்த கூடும் ஒரே அளவு பிழைக்கின்றனவா? தோட்டம் ஒன்று, எலி ஒன்று, காகம் ஒன்று, உயரம் மட்டும் மாறுகிறது. ஒரு மரத்தில் இரண்டையும் சேர்த்து வைக்கக்கூடாது, ஒன்றைக் கண்டது மற்றதையும் கண்டுவிடும். அடுத்தடுத்த இடங்களில் மாற்றி மாற்றி வையுங்கள். போலிக்கூடு உண்மையில் பலமாக இருப்பது இந்த மாதிரி ஒப்பீட்டில்தான். தரைக்கூடு அதிகம் போனது, பிளாஸ்டிசினில் எலிப்பல் அதிகம் என்று வந்தால், 'இந்தத் தோட்டத்தில், இந்த மாதத்தில், காவல் இல்லாத இந்த அளவு முட்டை தரையில் அதிக ஆபத்தில் இருக்கிறது' என்று தைரியமாக எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். நேரமிருந்தால் பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள நிஜக் கூடுகள் சிலவற்றைத் தூரத்திலிருந்து கவனித்துப் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேருங்கள். கிட்டே போகாமல் குச்சியில் கண்ணாடி கட்டி மேலிருந்து பார்க்கலாம். அந்தப் பத்திக்கு மதிப்பு அதிகம்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கப் போகும்போது மூன்று விஷயம் விசாரித்து வையுங்கள். எலிமருந்து கட்டி போடும் சுற்று எப்போது என்பது முதலாவது, நடுவில் மருந்து போட்டால் எலி எண்ணிக்கையே மாறிவிடும், உங்கள் முடிவும் மாறிவிடும். தோட்டத்தில் எலிக்காக ஆந்தைப் பெட்டி வைத்திருந்தால் அது எந்தெந்த பீல்டில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குலை வெட்டும் சுற்று, அது பொதுவாகப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும், அந்த நாளில் மட்டை உங்கள் கூட்டின் மேல்தான் விழும். மூன்றாவது புல்மருந்து அடிக்கும் நாள், பிள்ளைகள் அன்று உள்ளே போகவே கூடாது. மானேஜரிடம் பேசினால் போதாது, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடமும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாரோ மந்திரித்து வைத்த முட்டை என்று நினைத்து வேலையாட்கள் அந்த நிரைக்கே போகமாட்டார்கள்.

நிஜக் கூட்டைத் தொடவோ முட்டையை எடுக்கவோ வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, காக்கப்பட்ட பறவைகளின் முட்டைக்கும் கூட்டுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. கடையில் வாங்கிய காடை முட்டைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

களத்தில் கையுறை இரண்டு காரணத்துக்காக. மனித வாடை முட்டையில் ஏறாது, எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலும் பிள்ளைகளுக்கு வராது. மட்டை அடுக்குக்குள் வெறுங்கையை விடவே கூடாது, நாகம் குளிர்ச்சிக்கு அங்கேதான் படுக்கும். முட்டையை அதிகம் போனால் இரண்டு வாரம் வையுங்கள், நம் ஊர்ச் சூட்டில் அழுகத் தொடங்கினால் நாற்றத்துக்கு வருவது வேறு கூட்டம். பார்க்கப் போவது மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டே பேர், ஒவ்வொரு முறையும் வேறு வழியாக, கூட்டருகே நிற்காமல் கடந்துகொண்டே ஒரு பார்வை. வழியில் காகம் பின்தொடர்ந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். கடைசி நாளில் கூடு, கம்பி, பிளாஸ்டிசின் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்து எடுத்துவிடுங்கள், மறந்து விட்ட கம்பி குலை வெட்டுபவர் காலில்தான் ஏறும்.